எட்டாம் துண்டுக் கிணறு

பெயர் ஜபார் ஸாஜிதா. வயது 47. தொழில் தையல். முகவரி பள்ளிவாசல் வீதி, குறிஞ்சிப்பிட்டி. தமிழ் எழுத வாசிக்கத் தெரியும்.

மேற்படி முகவரியில் வாடகை வீட்டில் நான் என் மகள் நஸ்லியாவுடன் வசித்து வருகிறேன். கணவர் சவூதியில் லொறிச் சாரதி. இதற்கு முன்னர் என்மேல் எந்த முறைப்பாடும் இல்லை. இனாஸ் என்பவர் தான் கடலில் இருந்த சமயம் அவருடைய மனைவி றோசமேரியை நான் ஏமாற்றி, அவர்களுடைய கிணற்றை மண் போட்டு மூடியதாகக் கொடுத்த முறைப்பாடு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கிணற்றை மூடியது உண்மை. ஏமாற்றியது உண்மை இல்லை.

றோசமேரியும் நானும் முன்னர் ஒரே கருவாட்டு வாடியில் வேலை செய்தவர்கள். ஊருக்கு வெளியே இருந்த தென்னந்தோட்டம் ஒன்று எட்டுத் துண்டாகப் பிரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தபோது, பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம் என்று பேசிக்கொண்டு அவர்கள் ஏழாம் துண்டையும் நாங்கள் எட்டாம் துண்டையும் வாங்கினோம். பிரதேச சபை அனுமதித்த வரைபடத்தின்படி ஒவ்வொரு துண்டின் பரப்பளவும் சரியாக ஆறு பேர்ச். அதைவிடக் குறைந்தால் வீடு கட்டும் துண்டாக ஏற்கமாட்டார்கள். பாதை எங்கள் துண்டோடு முடிவதால் வாகனம் திரும்புவதற்கு வட்டமாக இடம் விட வேண்டும் என்பதும் விதி. அந்த வட்டம் எங்கள் துண்டின் முன் வலது மூலையைக் கடித்துக்கொண்டு போகிறது. வாங்கும்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வடிவாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

அதன் பின்னர் றோசமேரி முதலில் வீடு கட்டினார். கிணறு எங்கே வெட்டுவது என்று கேட்டபோது இரண்டு வளவுக்கும் நடுவேலியோரம், அவருடைய துண்டின் பின்பக்க மூலையைக் காட்டியது நான்தான். அங்கே தண்ணீர் உவர்ப்பில்லை, நானும் அள்ளலாம் என்று சொன்னேன். அவர் அந்த இடத்திலேயே கொங்கிறீட் வளையம் இறக்கினார். என் வளவில் வைத்த மாங்கன்று அந்தத் தண்ணீரில்தான் பிடித்தது.

அதன் பின்னர் என் மகளுக்கு நுஸ்கி என்பவரைப் பேசினோம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் நிக்காஹ். எட்டாம் துண்டில் வீடு கட்டி அவள் பெயரில் எழுதுவதாக ஒப்புக்கொண்டு வீட்டு வரைபடத்தைச் சபைக்குக் கொடுத்தேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து நாடா பிடித்து அளந்தார். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடி வேண்டும், கிணறு யாருடையதாக இருந்தாலும் சரி என்றார். றோசமேரியின் கிணற்றிலிருந்து ஐம்பது அடிக்கு அப்பால் என் துண்டில் இருந்த ஒரே இடம், வட்டத்துக்குப் போன அந்த மூலை. அந்தக் கிணறு இருக்கும்வரை என் காணியில் மரம் நடலாம், வீடு கட்ட முடியாது. உத்தியோகத்தர் நல்ல மனிதர், அதை மெதுவாகத்தான் சொன்னார். நான் கொடுத்த தேநீரை அவர் குடிக்கவில்லை.

அந்தக் கிணற்றை மூடிவிட்டு என் துண்டின் மறுபக்கப் பின்மூலையில் ஒன்று வெட்டினால் இரண்டு வீட்டுக் குழிகளுக்கும் தூரம் சரிவரும் என்று அவரே அளந்து காட்டினார். அதை றோசமேரியிடம் சொன்னேன். அவர் உடனே சம்மதிக்கவில்லை.

“நீங்க தண்ணி தருவீங்க ராத்தா, அதுல எனக்குச் சந்தேகமில்ல. நாளைக்கு வீடு மருமகன்ட கைக்குப் போய் அவர் கேற்றைப் பூட்டினா நான் குடத்தோட எங்க போறது?” என்று கேட்டார்.

அது நியாயமான கேள்வி. புதுக்கிணற்றடியை அவர் பெயருக்கே எழுதித் தருகிறேன் என்று காணி உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனேன். ஆறு பேர்ச்சிலிருந்து கைக்குட்டை அளவு கழித்தாலும் மிச்சம் வீடு கட்டும் துண்டு இல்லை, சபை ஏற்காது என்றார். தண்ணீர் அள்ளும் உரிமையை மட்டும் எழுதலாம் என்றார். றோசமேரி, யாராவது மறித்தால் அந்த உறுதியைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் ஏறத் தன்னிடம் ஆளில்லை என்று சொல்லிவிட்டார்.

அதன் பின்னர் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டேன். கிணற்றை வக்பு செய்யலாம் என்றார். வக்பு என்றால் அல்லாஹ்வுக்காக விட்டுக்கொடுப்பது. விட்டபின் விற்கவோ தடுக்கவோ திரும்ப எடுக்கவோ முடியாது, வாயால் சொன்னாலே போதும் என்றார். நான் என் துண்டில் கிணறு வெட்டி, தண்ணீர் வந்த அன்று மௌலவியையும் றோசமேரியையும் வைத்துக்கொண்டு, இது எல்லாருக்கும் வக்பு, முதலில் ஏழாம் துண்டு வீட்டுக்கு என்று சொன்னேன். எழுத்தில் எதுவும் இல்லை.

“உங்கட அல்லாஹ்வுக்குக் குடுத்தத உங்கட மருமகன் பறிக்கமாட்டார். மூடுவம்,” என்று றோசமேரி சொன்னார்.

அதன் பின்னர் ஒரு சனிக்கிழமை காலை இருவரும் மண் போட்டோம். ஒரு மண்வெட்டி என்னுடையது, மற்றது அவருடையது. மண் போடுமுன் அவர் கிணற்றில் விட்டிருந்த சின்ன மீன்களை வாளியில் அள்ளிக் கொண்டுபோய்ப் புதுக்கிணற்றில் விட்டார். நாங்கள் மூடியது நல்ல தண்ணீர்க் கிணறு. எனக்கு மனம் சரியில்லை.

அதன் பின்னர் இனாஸ் கடலிலிருந்து வந்தார். தன் கிணறு இருந்த இடத்தில் மண் குவிந்திருப்பதைக் கண்டு சத்தம் போட்டார். மனைவி சொன்னதை அவர் நம்பவில்லை. “வக்பாம், வக்பு! வெறும் வாய்க்கதையைக் கேட்டு என்ட கிணத்த மூடிட்டாளே!” என்று கத்திவிட்டு முறைப்பாடு கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் சத்தம் போடாமல் நேரே இங்கே வந்திருப்பேன்.

பொலிஸ் முறைப்பாட்டினால் விடயம் நுஸ்கியின் வீட்டுக்குத் தெரியவந்தது. இன்று காலை நான் இங்கே வரப் புறப்பட்டபோது அவருடைய உம்மா வீட்டுக்கு வந்தார். தன் மகன் குடியிருக்கப்போகும் வளவுக்குள் ஊரார் வாளியோடு வந்துபோவது தங்களுக்குச் சரிவராது என்றார். அதற்கு வழியும் அவரே சொன்னார்.

“எழுத்துல ஒன்டும் இல்லத்தானே மதினி? அப்பிடி ஒரு வக்பு செய்யல்ல, கிணறு எங்கட சொந்தம் என்டு பொலிஸுல செல்லிட்டு வாங்க. நிக்காஹ் குறிச்ச நாளுலயே நடக்கும். இல்லாட்டி எங்கள மன்னிச்சிக்கொள்ளுங்க.”

முச்சக்கரவண்டியில் வரும் வழியில் கூட வந்த மகளிடம், பொலிஸில் நீ சொல்வதைத்தான் சொல்வேன் என்றேன். அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும். அவள் சொன்னாள்: “எனக்கு வேற மாப்புள வரலாம் உம்மா. றோசமேரி அன்ரிக்கு அந்த ஆறு பேர்ச்சுக்குள்ள வேற கிணறு வெட்ட எடமில்ல.”

மகளை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. இதையும் எழுதச் சொன்னேன். முறைப்பாட்டுக்கு இது தேவையில்லை என்றார்கள், இருந்தாலும் எழுதினார்கள்.

ஆகவே, வாய்க்கதை என்று இரண்டு பக்கமும் சொன்னதை எழுத்தில் தருகிறேன். எட்டாம் துண்டுக் கிணறு வக்பு. நானோ என் மகளோ அவளைக் கட்ட வருபவரோ அதை மறிக்க முடியாது.

இது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. மாற்றவோ வெட்டவோ கேட்கவில்லை. நான் அறிந்தபடி இவ்வளவும் மெய் என்பதற்கு என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஜ. ஸாஜிதா