ரெண்டு அடையாறு

மயிலாப்பூர் குளத்தருகே கிளம்பாமல் நின்ற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள்.

"லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொரு நம்பரையும் ரெண்டால பெருக்கணும். அதுக்கு மெஷின்லயே மேப்னு ரெடிமேட் கட்டளை ஒண்ணு இருக்கு. அதைத் தொடக் கூடாதாம், நாமளே செய்யணுமாம். திருப்பித் திருப்பிச் செய்யற லூப்பும் கூடாதாம். இட்லி கேட்டா நெல்லு நடச் சொல்றாருடி அந்த லேப் சார்!"

"செஞ்சியா?"

"ரெண்டே வரி ப்ரோக்ராம். முதல் நம்பரைப் பெருக்கு, மிச்ச லிஸ்டை மறுபடி உன்கிட்டயே குடுத்து இதையே செய்."

"அப்புறம் என்ன?"

"மெஷின் ஹேங், நிக்காம ஓடிட்டே இருக்கு. நாளைக்குள்ள சரி பண்ணலேன்னா லேப் பரீட்சைக்கு உள்ளயே விடமாட்டாராம். எங்க தப்புன்னே தெரியல."

சொல்லிக்கொண்டே அவள் டிக்கெட்டுக்குச் சில்லறையைப் பின்னால் நீட்டினாள்.

"ரெண்டு அடையாறு, பாஸ் பண்ணுங்க."

நான் வாங்கிப் பின்னால் கொடுத்தேன். "ரெண்டு அடையாறு, பாஸ் பண்ணுங்க" என்று கைக்குக் கை போனது. கடைசி சீட்டிலிருந்து ஒரு குரல்:

"யாராண்ட பாஸ் பண்றது? கண்டக்டர் கீழ டீ குடிச்சிக்கினு கீறாரு!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ! லிஸ்ட் தீர்ந்துபோனா என்ன பண்ணணும்னு நான் எழுதவே இல்லடி!"

"அத்த அப்பால எழுதிக்கோம்மா," என்றது கடைசி சீட்டு. "இந்தக் காச இன்னா பண்றது, அத்தச் சொல்லு."