பேங்க் ஷேரும் ரோஜா மாலையும்

ஆரப்பாளையத்தில் ஏறிய உசிலம்பட்டி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். மூத்தவர் மடியில் வாழையிலையில் சுற்றிய ரோஜா மாலை. சாவு வீட்டுக்குப் போகிறார்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. செக்கானூரணி தாண்டியதும் அவர் கேட்டார்.

“மாப்ள, பாண்டி போயிட்டான். அவன் கிரெடிட் கார்டு கடன் அப்படியே நிக்கிது. கார்டு குடுத்த பேங்க் ஷேரு நான் வச்சிருக்கேன். வெல எறங்குமா?”

இளையவர் அவரை ஒரு பார்வை பார்த்தார்.

“ஒத்த ஆளு சாவுக்கு எறங்காதுண்ணே. ஆனா அவரை மாதிரி கட்ட முடியாதவுக ஊருக்கு நாலு பேரு இருக்காக. அதான் அப்பவே சொன்னேன், பேங்க் வேணாம், கார்டு மூலையில பேரு போட்டிருக்க அமெரிக்கா கம்பெனி ஷேரை வாங்குங்கன்னு.”

“அவனும் கடன் குடுக்குறவந்தான?”

“இல்லண்ணே. கடன் குடுக்குறது பேங்க்கு. கார்டைத் தேய்க்கிறப்பல்லாம் அவனுக்கு ஒரு கமிஷன், அம்புட்டுதேன். பாண்டியண்ணன் ஆஸ்பத்திரியில தேச்சதுக்கும் எடுத்திருப்பான். ஆளு கட்டுனா என்ன, செத்தா என்ன அவனுக்கு?”

மூத்தவர் மாலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“பாண்டி கார்டே வேணாம்னுதான் சொன்னான் மாப்ள. நாந்தான் பாரம் வாங்கிக் கையெழுத்துப் போட வச்சேன். நம்ம ஷேர் வச்சிருக்க பேங்காச்சே, நல்லா வளரட்டும்னு.”

உசிலம்பட்டியில் இறங்க எழுந்தபோது இளையவர் மெதுவாகக் கேட்டார்.

“மாலைக்கு ரொக்கமாக் குடுத்தீகளாண்ணே?”

“கையில காசில்ல மாப்ள. கார்டுதான்.”