பதினோரு கல்

மிலெம்பே: பொய். ரெண்டு வாரமாவாடி போன்ல சார்ஜ் இல்லை?

கபுலா: கரெண்ட் போயிடுதுக்கா. இங்க காத்தடிச்சா போகும். காத்தடிக்கலைன்னாலும் போகும்.

மிலெம்பே: சான்சிபாருக்குப் போறேன், கடலோரத்துல தையக்கடை போடுறேன்னு ம்வான்சா முழுக்கத் தமுக்கடிச்சிட்டுப் போனே. உலகமே அந்தத் தீவுக்குத்தான் வருதுக்கா, நானும் போய்ப் பொழைச்சுக்கிறேன்னு...

கபுலா: உலகம் வருது. ஏழு நாள் இருந்துட்டுப் போயிடுது. எட்டாம் நாள்தான் இங்க எல்லாமே ஆரம்பிக்குது.

மிலெம்பே: என்ன ஆரம்பிக்குது?

கபுலா: கிணத்துத் தண்ணி உப்பு. சோப்பு நுரைக்காது. துணியை மடிச்சு வச்சா நாலே நாள்ல பச்சைப் பூசணம். மெஷினு... வேண்டாம், சிரிப்பே.

மிலெம்பே: சொல்லு, சிரிக்கிறேன்.

கபுலா: சாயங்காலம் மாட்டின ஊசி காலைல துருவேறி நிக்குது. என் தலைக்கு வச்ச எண்ணெயை விட மெஷினுக்கு வச்ச எண்ணெய்தான் ஜாஸ்தி.

மிலெம்பே: சாப்பாடு?

கபுலா: பேய்க்கணவாய், அந்த எட்டுக்கால் பிராணி. அடிச்சு அடிச்சுத்தான் சமைக்கணும். முதல் நாள் நான் அடிச்ச அடியில அது மெத்துனு ஆச்சோ இல்லையோ, என் தோள்பட்டை மெத்துனு ஆயிடுச்சு.

மிலெம்பே: வந்துடு.

கபுலா: அக்கா...

மிலெம்பே: இங்க ஏரித் தண்ணி இனிக்குது. மீனை அடிக்காமலே திங்கலாம். பாறையெல்லாம் வச்ச எடத்துல அப்படியே இருக்கு. கெளம்பி வா.

கபுலா: கல்லு பேச்சை மட்டும் எடுக்காதே.

மிலெம்பே: ஏன்? கல்லு என்ன பண்ணுச்சு?

கபுலா: ...ஒண்ணுமில்லை.

மிலெம்பே: கபுலா.

கபுலா: சிரிக்கக் கூடாது.

மிலெம்பே: சிரிப்பேன்னு முன்னாடியே சொல்லிட்டேனே.

கபுலா: வீட்டுக்கு வந்த மூணாம் நாள். அடுப்புக்கு மூணு கல் வேணும். தண்ணி டிரம்முக்கு அடியில நாலு. மெஷின் மேசை ஆடுது, அதுக்கு நாலு. கடல் வத்திக் கிடந்துச்சு. மணல்ல அங்கங்க ஒரு கல்லு, சும்மா...

மிலெம்பே: எடுத்துட்டே.

கபுலா: நாம எங்கக்கா பொறந்தோம்? வீட்டுக்கு மேல பாறை, வீட்டுக்குக் கீழ பாறை. கல்லுக்குச் சொந்தக்காரங்க உண்டுன்னு யாராவது சொல்லிக் கொடுத்தாங்களா?

மிலெம்பே: சரி... எடுத்தே. அப்புறம்?

கபுலா: மறுநாள்லேர்ந்து ஊர்ப் பொம்பளைங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சாங்க. தினம் ரெண்டு பேர். டீ போட்டுக் கொடுத்தேன். குடிச்சுக்கிட்டே அடுப்பைப் பார்த்தாங்க, டிரம்மைப் பார்த்தாங்க. ஒருத்தி குனிஞ்சு மேசைக்கு அடியிலயே பார்த்தா. புதுசா வந்தவ எப்படி வச்சிருக்கான்னு என்ன ஒரு அக்கறை, என்ன ஒரு பாசம்னு நான் உருகிப் போயிட்டேன்...

மிலெம்பே: எதைப் பார்த்தாங்க?

கபுலா: அவங்கவங்க கல்லை.

மிலெம்பே: ஐயோ!

கபுலா: பதினோரு பேர்க்கா! ஒருத்தராவது வாயைத் திறந்தாங்களா? புதுசா வந்தவ வீட்டு வாசல்ல நின்னு, 'இது என்னோடது'ன்னு கேக்கிறது இங்க மரியாதை இல்லையாம். கேக்கவே மாட்டாங்க. தைக்கிறதுக்கு ஒரு முழத் துணியும் கொடுக்க மாட்டாங்க.

மிலெம்பே: மணல்ல கிடக்கிற கல்லுக்கா இவ்வளவு?

கபுலா: மணல்ல கல்லு தானா வராதுக்கா, அது எனக்கு உறைக்கலை. தேங்காய் மட்டையைக் குழியில போட்டு, மணலை மூடி, மேல அடையாளத்துக்கு ஒரு கல்லு வைப்பாங்க. மாசக் கணக்கா ஊறணும். அப்புறம் எடுத்து அடிச்சு, நாரெடுத்துக் கயிறு திரிப்பாங்க. அதுதான் அவங்க கைக்காசு. நான் கல்லை எடுத்துட்டு வந்த ராத்திரியே கடல் வந்து எல்லாத்தையும் சமமாத் தடவி விட்டுருச்சு.

மிலெம்பே: அவங்களுக்கு எடம் தெரியாதா?

கபுலா: சுமாரா தெரியும். சுமாரா தோண்டினா பக்கத்துக்காரி மட்டை கையில வரும். அதுக்கு ஒரு சண்டை, அந்தச் சண்டையும் என் பேர்ல.

மிலெம்பே: உனக்கு யார்தான் சொன்னது?

கபுலா: பக்கத்து வீட்டு சுவேனாம்மா. ஒன்பதாம் நாள். டீயை ஒரு மொடக்குக் குடிச்சுட்டு, 'அடுப்பு நல்லா அமைஞ்சிருக்கு, என் கல்லு உனக்கு ராசிதான்'னு...

மிலெம்பே: நீ என்ன சொன்னே?

கபுலா: பொங்கின பாலைக்கூட எறக்கலை.

மிலெம்பே: அழுதியா?

கபுலா: இல்லை.

மிலெம்பே: அழுதே.

கபுலா: ...கொஞ்சம். அப்புறம் ஒரு குடைக்கம்பியை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். கடல் வத்தின நேரமெல்லாம் மணல்ல குத்திக் குத்திப் பார்த்தேன். கெட்டியா இருந்தா வெறும் மணல். பொதுக்குனு உள்ள போய்க் கம்பி கறுப்பா வெளிய வந்து, மூக்கைப் பொத்த வச்சா... அது மட்டைக் குழி.

மிலெம்பே: வெள்ளைக்காரங்க பார்க்கிறப்போவா?

கபுலா: படம் வேற எடுத்தாங்க. ஒருத்தர் வந்து, இது என்ன யோகாசனம்னு கேட்டார்.

மிலெம்பே: ஹஹ்ஹா... ஐயோ, இருடி, வயிறு வலிக்குது...

கபுலா: சிரிக்கக் கூடாதுன்னேன்ல. கண்டுபிடிச்ச குழிக்கெல்லாம் குச்சி நட்டு, வெட்டுத் துணியில சிவப்பா ஒரு துண்டு கட்டினேன். முதல் நாள் ரெண்டு. அடுத்த நாள் ஒண்ணு. அஞ்சு நாள்ல பத்து வந்துடுச்சு. கொடி நட்டதும் அவங்களுக்கு வரிசை புரிஞ்சுபோச்சு. இது இவளது, அடுத்தது அவளோட நாத்தனாருதுன்னு அவங்கவங்க கல்லை என் வீட்டுலேர்ந்து தூக்கிட்டுப் போனாங்க. அப்பவும் பேச்சில்லை. சுவேனாம்மாவோட குழி மட்டும்...

மிலெம்பே: கிடைக்கலையா?

கபுலா: அதுதான்க்கா... இரு, வாசல்ல...

சுவேனா: ஹோடி! ஹோடி கபுலா! கதவைத் தொறடி, கை ஒடியுது!

கபுலா: வாங்க சுவேனாம்மா, ஷிகாமோ. என்ன இது, இவ்வளவு துணி!

சுவேனா: மரஹபா, மரஹபா. மேசையை ஒழி முதல்ல. போன்ல யாரு?

கபுலா: எங்க அக்கா. உங்க குழிக் கதையைத்தான்...

சுவேனா: அதை நீ சொன்னா நல்லாருக்காது. கொடு இங்க. அலோ! மிலெம்பேதானே? உன் தங்கச்சி எங்க ஊரையே நாறடிச்சுட்டா, தெரியுமா?

மிலெம்பே: அம்மா... அவளுக்குத் தெரியாமப் பண்ணிட்டா, நீங்க மனசுல...

சுவேனா: அட, முழுசாக் கேளு. முந்தாநேத்து. கடல் திரும்பிடுச்சு. கணுக்கால் அளவு வந்தாச்சு. நாங்க எல்லாரும் கரையில நிக்கிறோம். மறுநாள்லேர்ந்து கடல் அவ்வளவு தூரம் வத்தாது, அடுத்த பிறைக்குத்தான். என் குழி மட்டும் பாக்கி. 'வாடி, போதும்'னு கத்துறோம். இவ காதுலயே வாங்கலை.

கபுலா: காத்து...

சுவேனா: நீ சும்மா இரு. குத்தினா, குத்தினா... கம்பியைத் தூக்கி எறிஞ்சுட்டு, தண்ணியிலயே தொப்புனு உக்காந்து அழுதா. உக்காந்தவ அப்படியே இடுப்பு வரைக்கும் உள்ள போனா!

மிலெம்பே: ஐயையோ!

சுவேனா: என் குழிதான்! எட்டு மாச மட்டை மேல உக்காந்திருக்கா, மாஷா அல்லாஹ்! கறுப்புச் சேறா எழுந்து ரெண்டு கையையும் தூக்கினா பாரு... பதினோரு பேரும் போட்டோம் ஒரு குலவை. ஹோட்டல்ல தூங்கினவன்லாம் என்னமோ ஏதோன்னு ஓடி வந்தான்.

மிலெம்பே: எங்க கபுலாவுக்கா குலவை?

சுவேனா: வேற யாருக்கு? மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் கட்டிப் புடிச்சோம். இந்தாடி கபுலா, துணியைப் பிரி. என் மக கல்யாணத்துக்குப் பதினோரு பேருக்கும் ஒரே மாதிரி உடுப்பு. வெளிய எல்லாரும் நிக்கிறாங்க, அளவெடு. எனக்கு இடுப்புல கொஞ்சம் தாராளமா விடு.

கபுலா: பதினோரு உடுப்பா... எனக்கா... நானா தைக்கிறது?

சுவேனா: பின்னே நானா? அளவெடுத்த கையோட கரைக்கு வா. உனக்குன்னு ஒரு குழி தோண்டி மட்டை போட்டு மூடியிருக்கோம். கல்லை மட்டும் உன் கையால நீ வைக்கணும். எட்டு மாசம் கழிச்சு எடுக்கலாம். வெளிய நிக்கிறேன், சீக்கிரம் வா.

மிலெம்பே: ...எட்டு மாசமா? அலோ? கபுலா, இருக்கியாடி?

கபுலா: இருக்கேன்.

மிலெம்பே: அழுவுறியா?

கபுலா: இல்லை... ஆமாம். அக்கா, உன்கிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். சுவேனாம்மா அந்தக் கல்லு விஷயத்தைச் சொன்ன அன்னைக்கே நான் பெட்டி கட்டிட்டேன். கப்பலுக்கு டிக்கெட்டும் எடுத்தாச்சு. இன்னைக்குக் காலைலதான் கப்பல். நான் ஏறலை, அது போயிடுச்சு. நீ ஒவ்வொரு தடவையும் வந்துடு வந்துடுன்னு கூப்பிட்டே... நான் வரலைக்கா. கோவமா?

மிலெம்பே: கோவமா? நீ எந்தக் காலத்துலடி நான் சொன்னதைக் கேட்டே? இருன்னு சொல்லியிருந்தா அடுத்த கப்பல்லயே வந்து நின்னிருப்பே, அதான் வந்துடுன்னு சொன்னேன்... உன் அறையில நீ போன மறுநாளே கோழிக்குஞ்சு எறக்கிட்டேன், முந்நூறு. நீ வந்திருந்தா எங்கேடி படுத்திருப்பே?