இரண்டு ஆடுகள், ஒரு பொத்தான்

பேருந்து ஓட்டும் வீடியோ கேம் என்று சொன்னால் பலரும் சிரிக்கிறார்கள், மேடம். நானும் முதலில் சிரித்தவன்தான். ஆனால் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். சட்டென்று பிரேக் போட்டால் பின்னால் நிற்கிற பெரியவர் முணுமுணுப்பார். கதவை அவசரமாக மூடினால் ஓர் அம்மாள் வண்டி முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டுவார். ‘இதில் வேகத்துக்கு வேலையே இல்லை, யாரையும் தள்ளாட விடாமல் நிறுத்தத் தெரிந்தவனே ஜெயிக்கிறான்’ என்று இரண்டு மாதத்துக்கு முன் என் பகுதியில் வந்தது. வாசகர்கள் அந்த வரியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

கடைசி மூன்று மாதம் என்ன செய்தேன் என்று என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். விளையாடினேன். அதுதான் என் தொழில். ஓர் இணைய இதழில் ‘அண்மையில் ஆடியவை’ என்ற பகுதி ஏழு வருடமாக என் பெயரில் வருகிறது. பேருந்துக்கு அடுத்தது தபால் பிரிக்கும் விளையாட்டு. கடிதங்களை உரிய அறையில் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உறையை விளக்குக்கு நேரே பிடித்தால் உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும். பிடிக்காதே என்று எங்கும் எழுதியிருக்காது. ‘யாரும் தடுக்காதபோது நாம் எப்படிப்பட்டவர்கள் என்று இந்த விளையாட்டு பார்த்துக்கொண்டிருக்கிறது’ என்ற வரிக்கு ஆசிரியரே தொலைபேசியில் கூப்பிட்டுப் பாராட்டினார்.

இரண்டு வரியும் என் அண்ணன் சொன்னவை. ஏழு வருடத்து வரிகள் எல்லாமே அவர் சொன்னவைதான்.

அண்ணனுக்குத் தசை கரைகிற நோய். உள்ளறைக் கட்டிலில் படுத்தபடிதான் இருப்பார், வலது கட்டைவிரல் மட்டும் அசையும். குரல் தாழ்ந்து வரும். நான் விளையாடுவதைப் பார்ப்பார், நினைத்ததைச் சொல்வார், நான் தட்டச்சு செய்வேன். என் தட்டச்சில் பிழையே இருக்காது. அவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, தொண்டையில் சேரும் சளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை குழாய் வைத்து எடுப்பது எல்லாம் நான்தான். ஒரு படுக்கைப்புண் வந்ததில்லை. மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு முறை நானே ஒரு பத்தி எழுதிக் காட்டினேன். படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“விருந்துக்கு வந்தவன் மாதிரி எழுதுறடா. வாயில வைக்கிறதுக்கு முன்னாடியே நல்லாயிருக்குங்குற.”

நானும் சிரித்தேன். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

போன மாதம் கருவி பொருத்தும் பெண் ஒருவர் வந்து, அவருடைய கட்டைவிரலுக்கு அடியில் ஒரு பொத்தானை வைத்துவிட்டுப் போனார். லேசாகத் தட்டினால் விளையாட்டில் குதிக்கும். எழுத வேண்டுமென்றால் திரையில் ஓடும் எழுத்துகளில் ஒன்றைத் தட்டிப் பிடிக்கலாம். மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் கூடத்தில் மணி அடிக்கும். நல்ல கருவி. சொல்வதற்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டு வாரத்தில் அண்ணன் அதை நன்றாகப் பழகிவிட்டார். ஒரு மாலை என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“இனிமே நானே எழுதுறேன்டா. ஆசிரியருக்கு ஒரு கடிதம் போட்டு, இத்தனை நாளா எழுதினது யாருன்னு சொல்லிடலாம். உனக்கும் பாரம் குறையும்.”

“எல்லாரும் என்னை என்னண்ணா நினைப்பாங்க?”

“என்ன நினைப்பாங்க? அண்ணனுக்குக் கை கொடுத்த தம்பின்னு நினைப்பாங்க.”

குத்திக்காட்டிச் சொல்லவில்லை, மேடம். மனசாரச் சொன்னார். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்தால் ‘எழுத்தாளர் சார்’ என்பார். இனி அவர் என்னைக் கை என்று கூப்பிட வேண்டும்.

கடிதம் ஒவ்வொரு எழுத்தாக வளர்ந்தது. அவர் தூங்கியபின் தினமும் படித்தேன். திங்கட்கிழமைக்குள் பாதி முடிந்திருந்தது. என்னைப் பற்றி நல்லவிதமாகவே எழுதியிருந்தார்.

செவ்வாய் காலை அவர் கண்ணயர்ந்திருந்தபோது கருவியின் அமைப்புகளுக்குள் போனேன். ‘நீண்ட அழுத்தம்’ என்பதற்கு எதிரே மணி இருந்தது. அதை எடுத்துவிட்டு அங்கேயும் குதிப்பதை வைத்தேன். இரண்டு நிமிட வேலை. கைதவறி மாறியிருக்கலாமோ என்று விசாரணையில் நீங்களே எனக்கு ஒரு வழி விட்டீர்கள். நன்றி. கைதவறவில்லை.

இனி மூன்றாவது விளையாட்டு. கயிற்றால் பிணைத்த இரண்டு ஆடுகள் ஒரு மலை ஏறுகின்றன. ஒன்று குதித்து மேலே போனால், மற்றதும் ஏறி வந்தால்தான் இரண்டும் நகர முடியும். ஒரே பொத்தான் போதும் என்பதால் அண்ணனும் ஆட முடிந்தது. அவர் உள்ளறையில், நான் கூடத்தில், இரண்டு திரைகளிலும் அதே மலை. பத்து மணிக்குச் சளி எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

“கொஞ்சம் கட்டுதுடா.”

“ஒரு மலை ஏறிட்டு எடுக்கிறேண்ணா.”

“சரி.”

கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பதினொன்றரை வரை ஒழுங்காக ஏறினோம். உச்சிக்கு இரண்டு பாறை இருக்கும்போது அவருடைய ஆடு நின்றது. பிறகு குதித்தது. நான் என் ஆட்டை நகர்த்தவில்லை. கயிறு இழுத்ததில் அது அதே இடத்தில் வந்து விழுந்தது. சற்று நேரம் கழித்து மறுபடி குதித்தது. முதலில் நிதானமாக, ஒவ்வொரு முறையும் அழுத்திப் பிடிக்கிறார் என்று தெரிந்தது. அப்புறம் வேகவேகமாக. எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது ஒரு மரக்கதவு. ஆறு நிமிடம். அதன்பின் ஆடு குனிந்து புல் மேய ஆரம்பித்தது. யாரும் பொத்தானைத் தொடாவிட்டால் அது அப்படித்தான் மேயும்.

மருத்துவருக்குச் சொல்வதற்கு முன் அந்த மாதக் கட்டுரையை அனுப்பினேன். அன்றுதான் கடைசி நாள். விளையாட்டு தானாகப் பதிவு செய்துவைக்கும் காட்சியை இரண்டு முறை ஓட்டிப் பார்த்துக்கொண்டேன், தப்பாக எதுவும் எழுதிவிடக் கூடாது என்று. ‘எவ்வளவு பதற்றத்தில் அழுத்தினாலும், எத்தனை முறை அழுத்தினாலும், இந்த ஆடு ஒரு முறைகூட உங்களைக் கைவிடுவதில்லை’ என்று எழுதினேன். இதுவரை வந்ததிலேயே சிறந்த வரி என்று ஆசிரியர் பதில் போட்டிருக்கிறார்.

யாரும் எடுத்துக் கொடுக்காமல் நான் எழுதிய முதல் வரி அது, மேடம். அண்ணனிடம் படித்துக் காட்ட முடியாமல் போனது ஒன்றுதான் எனக்குக் குறை.