நாணல் குழலியைக் கடைசியாகக் கண்டவர்

புகைக்கு மன்னிக்க வேண்டும். இன்று துளிக்கூடக் காற்று இல்லை. மேலே போக வேண்டிய புகையைப் புகைபோக்கி நமக்கே திருப்பித் தந்துகொண்டிருக்கிறது. தேநீரை ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். என் சமையற்காரி கெசியா எதையும் இரண்டாம் முறை சூடாக்க மாட்டாள். கேட்டால் பைபிளிலிருந்து பதில் சொல்வாள். நாற்காலிக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் துப்பாக்கியைப் பார்த்து நீங்கள் நெளிய வேண்டாம். அதன் இடமே அதுதான்.

பறவையியல் கழகத்திலிருந்து நீங்கள் இரண்டு பேரும் இவ்வளவு தூரம் நார்ஃபோக் சேற்றை மிதித்து வந்ததற்கு நன்றி. வரச் சொல்லிக் கடிதம் போட்டவன் நான்தான் என்றாலும், வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. உங்கள் சென்ற இதழில் ஓர் இளைஞர் எழுதியிருந்தார்: சதுப்பு நிலத்தின் தண்ணீரை வடித்துவிட்டதால்தான் நாணல் குழலி என்ற பறவை அழிந்து போயிற்று என்று. நல்ல நடை. நல்ல படிப்பு. ஆனால் தவறு. கிணறு வெட்டக்கூடத் தெரியாத வாய்க்கால் பொறியாளர்களுக்கு அந்தப் பெருமை போய்ச் சேருவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்கு எழுபத்தொரு வயது. மற்றவர்களுடைய தவறுகள்தான் என் தூக்கத்தைக் கெடுக்கின்றன.

என் புத்தகத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். கிழக்குக் கரையின் பறவைகளைப் பற்றி, மூன்று பாகம். உண்மையைச் சொன்னால் மூன்று பாகத்தையும் யாரும் படிப்பதில்லை. எல்லோரும் படிப்பது கடைசி அத்தியாயம் ஒன்றைத்தான். "எங்கள் நாணல்களில் இனி அந்தக் குழல் ஒலிக்காது. கேட்டவர்கள் கிழவர்கள், கேளாதவர்கள் ஏழைகள்." இந்த வரிகளை வாசித்தபோது ஒரு கோமகள் மயங்கி, பக்கத்தில் இருந்தவர் மடியில் விழுந்தார். கழகத்தில் எனக்கு நாற்காலி கிடைத்தது இந்த அத்தியாயத்தால். ஊர் ஊராக அழைத்து வாசிக்கச் சொன்னார்கள். பிறந்த குழந்தைகளைக் கையில் வாங்கியே முப்பது வருடம் வைத்தியம் பார்த்தவன் நான். பெயர் வாங்கித் தந்ததோ ஒரு மரண அறிவிப்பு.

அந்தப் பறவையை நான் உயிரோடு பார்த்ததில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம்மில் பலர் அப்படித்தான். ஒரு பிரபுவின் அலமாரியில் அதன் பூச்சி அரித்த தோல் ஒன்று வைக்கோல் அடைத்துக் கிடந்தது. அதைப் பார்த்து நான் எழுதினேன், டார்கஸ் டில்லெட் வரைந்தாள். டார்கஸ் எங்கள் ஊர்ப் பாதிரியார் ஹம்ஃப்ரி டில்லெட்டின் தங்கை. என் புத்தகத்தின் படங்கள் அத்தனையும் அவள் கை. பாதிரியார் என் இருபது வருட நண்பர். துப்பாக்கி, சாப்பாடு, பிரசங்கம் என்ற மூன்றில் முதல் இரண்டில் கெட்டிக்காரர்.

புத்தகம் வந்த மூன்றாம் வருடம் மே மாதத்தில் ஒரு நாள் காலையில், முழங்கால்வரை சேறும் தலையில் கோணல் விக்குமாக அவர் இந்த அறைக்குள் வந்து நின்றார். பின்னாலேயே டார்கஸ், பாவாடை நனைய.

"டாக்டரே! உம்ம செத்துப்போன பறவை நம்ம சதுப்புல முட்டை போட்டு உக்காந்திருக்கு. எந்திரிச்சு வாய்யா!"

"ஆட்காட்டியா இருக்கும், பாதிரியாரே."

"ஆட்காட்டியா? முப்பது வருஷமா ஆட்காட்டியச் சுட்டுத் தின்னவன்கிட்ட சொல்றீரு பாரும். சோடியா இருக்குய்யா. காலி பாட்டில் வாயில ஊதுனா வருமே, அந்தச் சத்தம். நான் கேட்டேன்."

"அண்ணே, கத்தாதீங்க," என்றாள் டார்கஸ். "டாக்டர் மூஞ்சியப் பாருங்க, சந்தோஷத்துல வெளுத்துப் போச்சு."

அவள் படம் ஒன்றை மேசைமேல் விரித்தாள். ஈரம் காயாத வண்ணம். வெள்ளைக் கழுத்துப்பட்டையும் தவிட்டு நிறச் சிறகுமாக, சிறு கோழி அளவில் ஒரு பறவை கூட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்தது. குழலியேதான். சந்தேகமில்லை.

"ஒரு கூத்தப் பாருங்க டாக்டர். நம்ம புத்தகத்துல காலுக்குச் சாம்பல் பூசிட்டேன். காலு எலுமிச்சம்பழ மஞ்சள்! அந்தத் தோலு கருவாடாக் காஞ்சு கெடந்துச்சு, அதப் பாத்து வரைஞ்சா வேற எப்படி வரும்? போகட்டும். ரெண்டாம் பதிப்புல நான் கால மாத்திடுறேன், நீங்க அந்த ஒப்பாரிய எடுத்துடுங்க."

ஒப்பாரி என்றாள். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, எனக்குத் தெரியும்.

"ஒப்பாரி வெச்ச பொணம் எந்திரிச்சு உக்காந்தா நல்லதுதானேய்யா," என்றார் பாதிரியார். "எங்க தொழிலே அத நம்பித்தான் நடக்குது."

நானும் சிரித்தேன். ஒரு தவறைப் புத்தகம் தாங்கும். இரண்டு தவறு இருந்தால் அது கதைப்புத்தகம். அதுவும் அந்த அத்தியாயத்தில். எங்கு போனாலும் மக்கள் என் முகத்தைப் பார்த்து, 'புதைத்த பறவை எழுந்து வந்துவிட்டதாமே' என்று கேட்பார்கள். கோமகள் மயங்கியதைத் திரும்பப் பெற முடியுமா?

நம் தொழிலின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். 'பார்த்தேன்' என்பதற்கு மதிப்பில்லை. சுட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தால்தான் ஒரு பறவை உலகத்தில் இருப்பதாக ஒப்புக்கொள்வோம். பாதிரியார் முறைப்படி அன்றே சுட்டிருக்க வேண்டும். டார்கஸ் விடவில்லை.

"ஒரு குண்டு பட்டுச்சுன்னா, அண்ணே, உங்க விக்கு அடுப்புக்குள்ளதான். நாலு முட்டை இருக்கு. குஞ்சு வரட்டும். நான் வரையணும், உசுரோட."

ஆகவே கழகத்து ஆட்களையே வரவழைத்துக் காட்டுவது என்று முடிவாயிற்று. அடுத்த வியாழக்கிழமை மூன்று பேர் வருவதாகப் பதிலும் வந்துவிட்டது. எனக்கு இருந்த அவகாசம் அவ்வளவுதான்.

வழக்கத்தை நான் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். பறவை இருக்கிறது என்று நிரூபிக்கச் சுடச் சொல்கிறது வழக்கம். இல்லை என்று நிரூபிக்கச் சுடக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

விடியற்காலையில் தட்டைப் படகில் போனேன். இன்றுபோலவே காற்றே இல்லாத நாள். ஆண் பறவை நாணலுக்குள்ளிருந்து நடந்து வந்து, படகுக்குப் பக்கத்திலேயே நின்றது. மனிதனைத் தெரியாத பறவை. கழுத்தை நீட்டி ஊதியது. என் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன். என் அத்தியாயத்தில் எழுதியிருந்ததைவிட அந்தக் குரல் நன்றாகவே இருந்தது. அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. சுட்டேன். பிறகு தொப்பியைக் கழற்றி அந்த இரண்டு வரிகளைச் சொன்னேன். ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

பெண் பறவை வெடிச் சத்தத்துக்கும் கூட்டைவிட்டு எழவில்லை. அடிவயிறு முட்டைமேல் இருக்கும்போது அவை எழாது போலிருக்கிறது. இது புதிய செய்தி, குறித்துக்கொள்ளுங்கள். கையாலேயே எடுத்தேன். சூடாக இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். புதைத்தால் நரி தோண்டும், எரித்தால் நாற்றம் ஊரைக் கூட்டும். கெசியாவிடம் இறகு பிடுங்கிக் கொடுத்து, புறா என்றேன். மாவு மூடிச் சுடும் கறி அப்பத்துக்கு அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அன்று மாலையே அண்ணனையும் தங்கையையும் சாப்பிட அழைத்தேன்.

பாதிரியார் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

"என்ன டாக்டரே, புறாவா இது? புறா இப்படி ருசிக்கும்னா நான் கோயில் மணிய வித்தாவது தெனம் திம்பேன்."

டார்கஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, இன்னைக்குக் கூடு காலியா இருந்துச்சு. முட்டையக்கூடக் காணோம்."

"நரிம்மா."

"நரி முட்டையக் குடிக்கும், சரி. ஓட்டையுமா கூட்டிப் பெருக்கி எடுத்துட்டுப் போகும்?"

"நார்ஃபோக் நரி சுத்தக்காரன்," என்றார் பாதிரியார், வாய் நிறைய. "எங்கயும் போயிருக்காதும்மா. பக்கத்துலதான் இருக்கும், பாரேன்."

அதில் அவர் சொன்னது சரிதான். மிகப் பக்கத்தில்தான் இருந்தது.

டார்கஸ் மரியாதைக்கு இரண்டு வாய் சாப்பிட்டாள். கெசியாவின் முட்டைப் புட்டிங்கிலும் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டாள். பிறகு அழுதாள். அழுகிற பெண்ணுக்கு என்ன ஆறுதல் சொல்வது? அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தக் கடைசி அத்தியாயத்தை மெதுவாக வாசித்துக் காட்டினேன். அன்றுபோல் நான் எப்போதும் வாசித்ததில்லை. முடித்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்க டாக்டர். அன்னைக்கு ஒப்பாரின்னு சொல்லிட்டேன்."

நான் அவளை மன்னித்துவிட்டேன். மனதில் எதையும் வைத்துக்கொள்பவன் இல்லை நான்.

வியாழக்கிழமை வந்த மூன்று கனவான்களும் சாயங்காலம்வரை சேற்றில் நின்று ஒரு தவளையைப் பார்த்தார்கள். டார்கஸின் படத்தைக் காட்டியபோது, என் புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டார்கள். 'டாக்டர் கிரிம்வுட் காலைச் சாம்பல் நிறம் என்கிறாரே, இங்கே மஞ்சளாக இருக்கிறதே, இது கற்பனைதான்' என்றார்கள். பாட்டில் ஊதும் சத்தத்தைப் பற்றிப் பாதிரியார் சொன்னதும், அந்தப் பாட்டிலை முதலில் காலி செய்தது யார் என்று ஒருவர் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பினார்கள். "பாதிரியார் மிக நல்ல மனிதர்," என்றேன். நம் கழகத்தில் ஒருவரை நல்ல மனிதர் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

அதன்பிறகு அவர் சந்தைக்குப் போனால் யாராவது ஒருவன் பாட்டில் ஊதுவான். ஒரு முறை பிரசங்கத்தின் நடுவிலேயே பின் வரிசையிலிருந்து ஊதினார்கள். யார்க்ஷயர் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போவதற்கு முன் இங்கே வந்து, "நான் பாத்தேன் டாக்டரே, நீராவது நம்புமய்யா," என்றார். நம்புகிறேன் என்றேன். அது பொய்யில்லை. என்னைப்போல் அவரை நம்பியவர்கள் இந்த இங்கிலாந்தில் யாரும் கிடையாது. அங்கே போய் இரண்டாவது குளிர்காலத்தில் இறந்துவிட்டார். எனக்கு நிஜமாகவே துக்கம். அவருக்கு நிகராக ரசித்துச் சாப்பிடும் விருந்தாளி பிறகு எனக்கு வாய்க்கவில்லை.

டார்கஸ் இப்போது பறவை வரைவதில்லை. தேநீர்த் தட்டுகளில் ரோஜாப்பூ வரைந்து விற்கிறாள். உங்கள் முன்னால் இருப்பதும் அவள் தட்டுதான், கெசியா சந்தையில் வாங்கி வந்தது. ஒவ்வொரு தட்டிலும் ரோஜா இலைக்கு அடியில், ஒரு மூலையில், இரண்டு மஞ்சள் கால்கள் தெரியும். பறவை இருக்காது, கால்கள் மட்டும். அந்த மூலையில் நான் எப்போதும் பால் கிண்ணத்தை வைத்துவிடுவேன். தயவுசெய்து அதை நகர்த்த வேண்டாம்.

ஆதாரம் இல்லாமல் பேசுபவன் இல்லை நான். இந்த மூக்குப்பொடி டப்பியைத் திறந்து பாருங்கள். ஆண் பறவையின் இடது கால். அன்று எலுமிச்சை மஞ்சளாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். இப்போது என்ன நிறம்? சாம்பல். நல்ல சாம்பல். என் புத்தகம் தவறு சொல்லவில்லை, கனவான்களே. கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

ஆகையால் உங்கள் அடுத்த இதழில் திருத்தம் போட வேண்டும். வாய்க்கால் அல்ல, நான். இன்னும் ஒரு சிறு வேண்டுகோள். ஒரு பறவையை முதலில் விவரித்தவரின் பெயரை அதன் லத்தீன் பெயருக்குப் பின்னால் போடுவது நம் வழக்கம். கடைசியில் வந்தவனுக்கு அப்படி எந்த மரியாதையும் இல்லை. முதலில் காண்பது யாருக்கும் தற்செயலாக நேரலாம். கடைசியாகக் காண்பதற்குத்தான் முயற்சி வேண்டும். 'கொன்றவர்' என்று எழுத வேண்டாம், அது போலீஸ்காரனின் வார்த்தை. 'கடைசியாகக் கண்டவர்: செப்டிமஸ் கிரிம்வுட்' என்று போட்டால் போதும். உலகத்தில் என்னைவிட அந்தப் பறவையை நேசித்தவர்கள் யாரும் இருக்க முடியாது.

நீங்கள் தேநீரைத் தொடவே இல்லை.

என்ன, ஜன்னலைப் பார்க்கிறீர்கள்? ஒன்றுமில்லை, அது காற்று. ஜன்னல் இடுக்கில் புகுந்தால் இப்படித்தான், காலி பாட்டிலில் ஊதுவதுபோல இருக்கும்.

ஆமாம். இன்று காற்றே இல்லை என்று முதலில் சொன்னவன் நான்தான்.

இரண்டு முறை கேட்டது, இல்லையா? கிழக்குப் பக்கத்து நாணல். அப்படியானால் சோடியாக இருக்கும். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் அந்தத் துப்பாக்கியை எடுத்துக் கொடுங்கள். இல்லை, நீங்கள் வர வேண்டாம். பார்த்துவிட்டால் உங்கள் பெயரையும் எழுத வேண்டியிருக்கும். சீக்கிரம் வந்துவிடுகிறேன். நீங்கள் அதுவரை எழுதிக்கொண்டிருங்கள். என் பெயர் அப்படியே இருக்கட்டும். தேதியை மட்டும் இப்போதைக்குக் காலியாக விடுங்கள்.