சாப்பாட்டுக்கு மட்டும்

கதீஜா: இன்னிக்கும் சில்லறைதானா அண்ணே? தேக்கா மார்க்கெட்லயே நீங்களும் அந்தத் தேங்காய்க்காரரும்தான் இப்ப இத எண்ணிக் குடுக்கிறீங்க.

ரத்னவேல்: ஏன், செல்லாதா?

கதீஜா: செல்லும் லா. வாங்கித்தான் போடுறேன். ஆனா போன்லதான் உங்க மக போட்டுவிட்ட கவர்மெண்ட் டிஜிட்டல் சிங்கப்பூர் வெள்ளி இருக்கே...

ரத்னவேல்: இருக்கு.

கதீஜா: அதுவும் சாப்பாட்டுக்கு மட்டும்னு பூட்டிவிட்ட காசு. 4D லாட்டரிக் கடையில காட்டினாக்கூட எடுக்காது. எதுக்குச் சேத்து வைக்கிறீங்க?

ரத்னவேல்: எங்க சேக்கிறது? மாசம் முடிஞ்சா அவளுக்கே திரும்பிப் போயிரும்.

கதீஜா: ஓ... பொண்ணுக்கு மிச்சம் புடிச்சுக் குடுக்கிறீங்களாக்கும்.

ரத்னவேல்: ஆமா, பாவம். நீச்சல் குளம் வச்ச கோண்டோவுல கஷ்டப்படுறா.

கதீஜா: வெளையாடாதீங்க. போன வாரம் வரைக்கும் போன்லதானே ஸ்கேன் பண்ணீங்க?

ரத்னவேல்: முன்னெல்லாம் பவித்ரா தெனம் கூப்பிடுவா. வேற எதுவும் பேசத் தெரியாது அவளுக்கு. "சாப்பிட்டாச்சாப்பா?"ம்பா. "ஆச்சும்மா"ம்பேன். வச்சிருவா.

கதீஜா: அவ்வளவுதானா?

ரத்னவேல்: அவ்வளவுதான். இப்ப உன் கடையில ஸ்கேன் பண்ணதுமே அவ போனுக்குச் சேதி போயிருது. அப்பா, மட்டன் பிரியாணி, தேக்கா. அப்புறம் என்னத்தக் கேக்கப் போறா?

கதீஜா: அதுக்காக...

ரத்னவேல்: அதுக்காகத்தான். சாப்பிடாத மாதிரி இருந்து பாக்கிறேன்.

கதீஜா: சுவா சூ காங்லதானே இருக்கா? உங்க புக்கிட் பாத்தோக்லேர்ந்து ரெண்டு ஸ்டேஷன். போய்க் கதவத் தட்டுங்க.

ரத்னவேல்: மெசேஜ் போட்டுட்டு வரணுமாம். போட்டேன். "அடுத்த மாசம் பாக்கலாம்பா"ன்னா.

கதீஜா: அடுத்த மாசமா?

ரத்னவேல்: காசு கொறையாம கெடக்கிறதப் பாத்திருப்பா. பயந்திருப்பா லா. இன்னிக்கு இல்லேன்னா நாளைக்குக் கூப்பிட்டுருவா, பாரு.

கதீஜா: டீ போடவாண்ணே?

ரத்னவேல்: ஏன் பேச்ச மாத்துற?

கதீஜா: மாத்தல... இஞ்சி போட்டுத் தரேன்.

ரத்னவேல்: கதீஜா. என்னப் பாத்துச் சொல்லு.

கதீஜா: நேத்தே பவித்ரா கூப்பிட்டாண்ணே... கடை நம்பருக்கு. "ஆன்ட்டி, அப்பா சாப்பிட்டாச்சா?"ன்னா. எனக்கு என்ன தெரியும்... "ஆச்சும்மா"ன்னுட்டேன். வச்சிட்டா.