ரயில் பாதைப் படத்தை எனக்குக் காட்டிய விதம்

என் பெயர் கெசியா தோர்லி. வயது நாற்பத்தொன்று. காலஞ்சென்ற ஏமஸ் தோர்லியின் மனைவி. டார்பிஷயரில் வின்னல் கிராமத்து ஓடைக்கரையில் குடியிருந்தேன். தற்போது ஏழைகள் விடுதியில் இருக்கிறேன்.

சென்ற குளிர்காலத்தில், எங்கள் ஊர் வழியாக ரயில் பாதை போட நாடாளுமன்றத்தில் மசோதா வருவதாகவும், அதன் வரைபடம் தேவாலய எழுத்தர் ஜேபஸ் கிரவுச்சிடம் ஒப்படைக்கப்பட்டிருப்பதாகவும், கேட்பவருக்கு அவர் அதைக் காட்ட வேண்டியது சட்டம் என்றும் கேள்விப்பட்டேன். என் கணவர் சுண்ணாம்புச் சூளை வேலையில் நெஞ்சு கெட்டுப் படுக்கையில் கிடந்தபடியால் நான் போனேன். கிரவுச்சுடன் கசாப்புக்காரர் லூக் பிரேயும் இருந்தார்.

கிரவுச், "முதல்ல இந்தத் தரையைக் கழுவு, அப்புறம் படம் பாக்கலாம்" என்றார். கழுவினேன். அதன் பிறகு அவர் பெட்டியைத் திறந்து ஒரு தாளை விரித்து, "இதான் உன் வீடு. கோடு எங்கயோ போகுது பாரு. போய் நிம்மதியாத் தூங்கு" என்றார். பிரே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கினார். இருமல் என்று நினைத்தேன்.

அதன் பிறகு வீட்டுக்கு வந்து சொன்னேன். என் கணவர், "அப்போ இந்த வருஷமும் மொச்சை போட்டுடு" என்றார். போட்டேன்.

கோடையில் கம்பெனி ஆட்கள் வந்து, பாதை எங்கள் வீட்டின் மேல்தான் போகிறது என்றும், எதிர்ப்பு மனுக் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது என்றும் சொன்னார்கள். அதன் பிறகு பள்ளி ஆசிரியர் விட்கோம்பை அழைத்துக்கொண்டு கிரவுச்சிடம் போனேன். ஆசிரியர் கேட்டு வாங்கிப் பார்த்த படத்தில் கோடு எங்கள் அடுப்படி வழியாகப் போயிருந்தது. எனக்குக் காட்டியது பக்கத்து ஊரின் தாள்.

ஏன் இப்படிச் செய்தீர் என்று ஆசிரியர் கேட்டதற்கு கிரவுச், "பத்திரமா வெச்சிருக்கணும், வெச்சிருக்கேன். ஒரு மூலை மடங்கியிருக்கா பாருங்க சார். இவளுக்கு எழுத்தே தெரியாது, எந்தத் தாளா இருந்தா என்ன? சும்மா ஒரு வேடிக்கை" என்றார்.

அதன் பிறகு ஒரு மழை நாளில் வீட்டை இடித்தார்கள். கதவைக் கழற்றி, அதன் மேல் என் கணவரைக் கிடத்தி வெளியே தூக்கினார்கள். மொச்சைப் பாத்தியை மிதித்துக்கொண்டு போனார்கள். அவர் தலையைத் திருப்பி, "பூ வெச்சிருக்குடி" என்றார். விடுதிக்கு வந்த அந்த வாரமே இறந்துபோனார். அடக்க ஜெபத்தில் ஆமென் சொல்வது தேவாலய எழுத்தரின் வேலை; சொன்னவர் கிரவுச். எல்லோரையும்விட உரக்கச் சொன்னார்.

நான் சொன்னது இவ்வளவே, எல்லாம் உண்மை. எனக்குப் படிக்கத் தெரியாததால், இதை இரண்டு பேரைத் தனித்தனியே படிக்கச் சொல்லிக் கேட்டேன். இருவரும் ஒன்றுபோலவே படித்தார்கள். அதன் பிறகே குறி இட்டேன்.

X
கெசியா தோர்லியின் குறி